இரண்டாவது கையெழுத்து

முதலமடை
14 நவம்பர் 2024

அன்புள்ள சங்கரி அம்மிணிக்கு,

செங்கோட்டையன் எழுதுவது. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி. ஒரே ஒரு தாள்தான், நேரம் ஆகாது.

திங்கட்கிழமை உங்கள் அணையில் கடல்விமானம் வந்து இறங்கியதை டி.வி.யில் காட்டினார்கள். மாலையையும் பொன்னாடையையும் பத்துத் தடவை காட்டியவர்கள், விமானத்தை முழுசாக ஒரு தடவை காட்டவில்லை. மிதவைக்கு அடியில் சக்கரம் உண்டா, வெறும் மிதவைதானா? கரையில் எதில் கட்டினார்கள்? எனக்குத் தூக்கம் வரவில்லை. கருப்பாத்தாள்தான் சொன்னாள்: "ஏனுங்க, சங்கரிப் புள்ள இப்ப அங்கதானுங்களே இருக்குது? ஒரு கடுதாசி போட்டா உங்க கை என்ன தேஞ்சா போயிரும்?"

நீ வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டதை நம் ஃப்ளையிங் கிளப் ஸ்டோர்கீப்பர் நல்லதம்பி சொன்னார். உன் தம்பியின் டீக்கடை விலாசத்தையும் அவர்தான் கொடுத்தார். பதினொரு வருடமாகப் போன் செய்து பார்த்தேன். முதலில் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. பிறகு அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. கடிதம் என்றால் குறைந்தபட்சம் தபால்காரராவது வாங்கிக்கொள்வார்.

பழைய மாதிரி, பார்த்த விமானத்தைக் கடைசியில் ஒரு வரி எழுதுகிறேன். நீயும் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
செங்கோட்டையன்

பார்த்தது: 11 நவம்பர். மாட்டுப்பட்டி அணை (டி.வி.யில்). ட்வின் ஆட்டர், ஒன்று.


மாட்டுப்பட்டி
29 நவம்பர் 2024

செங்கோட்டை அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

டி.வி.யில் பார்த்தது சேராது. நீங்கள் போட்ட விதிதான். சொந்தக் கண்ணால் காணாததை நோட்டில் எழுதக் கூடாது, சத்தம் மட்டும் கேட்டதும் சேராது என்று சொல்லி, என்னுடைய முதல் நோட்டில் பாதியை அடித்தது நீங்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

நான் காலை எட்டரைக்கே மேட்டில் ஏறி நின்றுவிட்டேன். தம்பி வேல்முருகன் கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தான். "யக்கா, ஆனை எறங்குனாக்கூட இம்புட்டுச் சனம் வராது" என்றான். மிதவைக்கு அடியில் சக்கரம் உண்டு, மடக்கி வைத்திருந்தார்கள். தண்ணீரைத் தொட்டபோது சத்தமே இல்லை. வெள்ளை நுரைக்கோடு ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் அது இறங்கியதைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் அது கிளம்புவதற்காகக் காத்திருந்தேன். கிளம்பும் முன் பைலட் கன்ட்ரோலை இடது பக்கம் கொடுத்தார், வலது பக்கம் கொடுத்தார். இறக்கை ஓரத்து மடல் எந்தப் பக்கம் மேலே எழுகிறது என்று பார்த்தேன். சரியாகத்தான் எழுந்தது. எந்த விமானத்தைக் கண்டாலும் இப்போது இதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. கருப்பாத்தா மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சிவசங்கரி

பார்த்தது: 11 நவம்பர். மாட்டுப்பட்டி. ட்வின் ஆட்டர், மிதவையுடன். கண்ணால்.


முதலமடை
10 டிசம்பர் 2024

அன்புள்ள அம்மிணிக்கு,

அடித்துவிட்டேன். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில்.

உன் கடிதத்தைக் கருப்பாத்தாளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "மதினின்னு எழுதியிருக்குதா?" என்று கேட்டு, அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். இன்று காலையிலிருந்து என்னோடு கொஞ்சம் அன்பாகப் பேசுகிறாள். ஒரு மாதமாக வீட்டில் சண்டை. தோப்பில் மாம்பூ வந்துகொண்டிருக்கிறது, மருந்து அடிக்க வேண்டிய நேரம். நான் கொட்டகையில் இறக்கைக்குத் துணி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், இறக்கைக்கு. இதைச் சொல்லத்தான் முதல் கடிதமே எழுதினேன். தைரியம் வராமல் கடல்விமானத்தைப் பற்றி எழுதினேன்.

நம் கிளப்பின் மஞ்சள் புஷ்பக் விமானம் இங்கே இருக்கிறது, சங்கரி. அதேதான், டின்சி மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த புஷ்பக். அந்த விபத்துக்குப் பிறகு நாலு வருடம் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் கிடந்தது. பிறகு பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரர் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதை வெட்டுவதற்கு முந்தின நாள் நல்லதம்பி எனக்குப் போன் செய்தார். மாங்காய் ஏற்றும் லாரியில் கொண்டுவந்தேன். வழியில் செக்போஸ்டில், "இது எந்தா சாதனம்?" என்று கேட்டார்கள். டிரைவர், "மருந்தடிக்கற மிசினுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

ஏழு வருடமாக வேலை நடக்கிறது. உடலின் இரும்புக்குழாய்களில் வளைந்ததை எல்லாம் மாற்றியாகிவிட்டது. இடது இறக்கைக்குப் புது மரம். துணி தைக்க ஊசியின் இரண்டு பக்கமும் ஆள் வேண்டுமே, இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கருப்பாத்தாள். "கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல இத்தன நேரம் நீங்க என்ற மூஞ்சியப் பாத்து நின்னதே இல்லீங்க" என்கிறாள், துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பழைய விமானங்களைப் பறக்கவிடும் டிரஸ்ட் ஒன்று இதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. மாங்காய் சீசன் முடிந்ததும் வருவார்கள். அவர்களே பதிவு செய்து பறக்க வைப்பார்கள். பறக்கும், சங்கரி.

அன்புடன்,
செங்கோட்டையன்

பார்த்தது: 8 டிசம்பர், காலை 7.20. தோப்புக்கு மேலே விமானப்படை ஏ.என்.32, சூலூர்ப் பக்கம் திரும்பியது. கண்ணால்.


மாட்டுப்பட்டி
2 ஜனவரி 2025

செங்கோட்டை அண்ணனுக்கு,

மூன்று வாரம் உங்கள் கடிதத்தை டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். புது வருடம் பிறந்தால் கோபம் தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த விமானத்தை எடுத்துவந்து ஏழு வருடம் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். அது பறக்கும் என்று எனக்குச் சந்தோஷமாக எழுதுகிறீர்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்?

2013 ஜூன் ஆறு. இறக்கை ஓரத்து மடல்களை இழுக்கும் எய்லரான் கேபிள்களை நீங்கள் மாற்றினீர்கள். கன்ட்ரோலில் கை வைத்தால் ஒருவர் செய்ய வேண்டும், இன்னொருவர் தனியாக வந்து முதலிலிருந்து பார்க்க வேண்டும், இரண்டு கையெழுத்து இல்லாமல் விமானம் வெளியே போகக் கூடாது. செய்தவர் அந்த நேரத்தில் ஷெட்டில் நிற்கவே கூடாது, டீக்குப் போய்விட வேண்டும் என்பது நம் ஷெட் வழக்கம். நீங்கள் டீக்குப் போனீர்கள். நான் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கவில்லை. மழை வரும்போல இருந்தது, டின்சி மாணவனோடு காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறேன், ஒரு பிழை கண்டதில்லை. அதனால் பார்ப்பதையே நான் நிறுத்தி மாதங்கள் ஆகியிருந்தன. உங்கள் பேரைப் பார்த்தேன், கீழே என் பேரை எழுதினேன். இரண்டு கேபிளும் இடம் மாறியிருந்தன. மூடியைக்கூடத் திறக்க வேண்டியதில்லை அண்ணா. ஒரே ஒரு தடவை கன்ட்ரோலை அசைத்துவிட்டு இறக்கையைப் பார்த்திருந்தால் போதும். தரையை விட்டு எழுந்ததும் காற்று ஒரு பக்கம் தூக்க, அவள் சரிசெய்யத் திருப்பத் திருப்ப அது இன்னும் சாய்ந்தது. மாணவன் கையில் கட்டோடு தப்பினான். டின்சிக்கு இடுப்பு போயிற்று.

விசாரணையில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சிவசங்கரியை நான் கூப்பிடவே இல்லை, அவங்க கையெழுத்தை நானேதான் போட்டேன்" என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல். உங்கள் லைசென்ஸ் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுந்து, அது என் கையெழுத்துதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தம்பியின் கல்யாணம் என்று எனக்கு நானே காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பத்து வருடம் உங்கள் பொய்யின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். 

நீங்கள் என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் போனை நான் ஏன் எடுக்கவில்லை என்று இப்போதாவது புரிகிறதா? ஏன் அப்படிச் சொன்னீர்கள்? நான் கேட்டேனா?

சிவசங்கரி

பார்த்தது: எழுதும் மனநிலையில் இல்லை.


முதலமடை
16 ஜனவரி 2025

அன்புள்ள சங்கரி,

பொங்கல் முடிந்தது. மாட்டுப்பொங்கலன்று கருப்பாத்தாள் புஷ்பக்கின் மூக்குக்கும் சந்தனம் வைத்துவிட்டாள். பெயிண்டில் கறை படியும் என்று சத்தம் போட நினைத்து, போடவில்லை.

நீ கேட்டாயே, ஏன் என்று. சொல்கிறேன். இதை நான் கருப்பாத்தாளிடமும் சொன்னதில்லை.

இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன மூடிகள் ஞாபகம் இருக்கிறதா? குளவி புகுந்து கூடு கட்டும் என்று வேலை முடிந்ததும் நான் அவற்றை மூடி, ஒவ்வொரு ஸ்க்ரூவின் மேலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பேன். நீ திறந்து பார்த்தால் பொட்டு உடையும். நீ பார்த்து முடித்தபின் நான் புதுப் பொட்டு வைக்க வேண்டும். எட்டு வருடம் அப்படித்தான் வைத்தேன். அந்த வருடம் ஜனவரியிலிருந்து ஒரு பொட்டுகூட உடையவில்லை.

அதாவது, நீ பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறாய் என்பது எனக்கு ஐந்து மாதமாகத் தெரியும்.

ஏன் உன்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை? எனக்குப் பெருமையாக இருந்தது சங்கரி. மூத்த இன்ஸ்பெக்டர்களே என் வேலையில் குடைந்து குடைந்து பார்த்திருக்கிறார்கள். நீ, எல்லோரையும்விடக் கூர்மையான கண் உள்ளவள், செங்கோட்டையன் செய்தால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தாய். அந்த உடையாத பொட்டுகளை நான் டீ குடித்துவிட்டு வந்து ரசித்துப் பார்த்திருக்கிறேன். மெடல் மாதிரி.

அன்று நான் மல்லாந்து படுத்து, தலை வால்பக்கம் இருக்க, கேபிளை மாட்டினேன். இடது வலது மாறிவிட்டது. கையால் கேபிளை அசைத்தேன், தடையில்லாமல் ஓடியது, எழுந்துவிட்டேன். பிழை யாருக்கும் வரும், அதற்காகத்தான் இரண்டாவது ஆள். அந்த இரண்டாவது ஆளை நான் ஐந்து மாதமாகக் கெடுத்து வைத்திருந்தேன். அதனால் விசாரணையில் சொன்னது எனக்குப் பொய்யாகவே படவில்லை. இரண்டு கையெழுத்தும் என்னுடையதுதான் என்று நினைத்தேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். டிரஸ்ட்காரர்களின் எஞ்சினியர்கள் எல்லாவற்றையும் சட்டப்படி பார்ப்பார்கள். அது அவர்கள் வேலை. ஆனால் இந்தக் கொட்டகையை விட்டுப் போவதற்கு முன்னால் நீ வந்து பார்க்க வேண்டும். என் வேலை நோட்டில் முதல் கையெழுத்து போட்டு, இரண்டாவது இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் உன் பேரைத் தவிர வேறு பேரை எழுத எனக்கு மனமில்லை. நீ வராவிட்டால் அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன். இங்கேயே குளவி கூடு கட்டட்டும்.

செங்கோட்டையன்

பார்த்தது: நான்கு நாளாக மேலே பார்க்கவில்லை.


மாட்டுப்பட்டி
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேறொருவருக்கு முதலில் எழுத வேண்டியிருந்தது.

உங்கள் பொட்டு விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடைப்பக்கமே போகவில்லை. "யக்கா, யாரும் செத்துப்போனாகளா?" என்று வேல்முருகன் கேட்டான். இல்லை என்றேன். என்னை நம்பியது போதாதென்று, நான் நம்பியதையும் ரசித்தீர்களே என்று ஆத்திரம். அப்புறம் யோசித்தால், நானும்தான் ரசித்தேன். செங்கோட்டை அண்ணன் வேலையா, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று கேன்டீனில் பெருமையாகச் சொன்னது நான்தானே.

டின்சிக்கு எழுதினேன். கொச்சியில் பைலட் ஆக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். கையெழுத்து என்னுடையது, பார்க்காமல் போட்டேன், பதினொரு வருடமாகச் சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு கடை போனில் கூப்பிட்டாள். நம் கிளப்பில் பேசிய அதே கலவைத் தமிழ். முதலில் நன்றாகத் திட்டினாள். "சேச்சி என்னெ ஆஸ்பத்திரியில வந்து நோக்கினப்போ எல்லாம் இது மனசுல வெச்சிட்டுத்தான் ஆரஞ்சு உரிச்சு தந்தீங்களா?" என்றாள்.  அப்புறம் சொன்னாள்: "கிளம்பும் முன்னாடி நான் கன்ட்ரோல் இடம் வலம் திரிச்சேன். லூசா, ஃப்ரீயா இருந்தது. கழுத்தைத் திருப்பி இறக்கையை நோக்கலை சேச்சி. ஸ்டூடன்ட்டோட பேசிட்டு இருந்தேன். அதை நானும் என்கொயரியில சொல்லலை."

ஆக, மூன்று பேர் அண்ணா.

வருகிறேன். ஆனால் மூன்று நிபந்தனை. நான் பார்க்கும்போது நீங்கள் தோப்பில் இருக்க வேண்டும், கொட்டகைப் பக்கம் தலை காட்டக் கூடாது. எத்தனை மணி நேரம் ஆனாலும் கேட்கக் கூடாது. எந்த மூடியின் மேலும் பொட்டு இருக்கக் கூடாது.

தங்கை,
சிவசங்கரி

பார்த்தது: 1 மார்ச். மூணாறுக்கு மேலே கடற்படை ஹெலிகாப்டர், ஒன்று. கண்ணால்.


முதலமடை
12 மார்ச் 2025

அன்புள்ள அம்மிணிக்கு,

மூன்றுக்கும் சரி. 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வா. மறையூர், சின்னாறு வழியாக உடுமலை பஸ்ஸைப் பிடி, அங்கே பொள்ளாச்சி பஸ்ஸுக்கு மாறு. பொள்ளாச்சியில் நான் டூவீலரோடு நிற்பேன். சீசன் உச்சத்தில் இருக்கிறது, ரோடெல்லாம் மாங்காய் லாரி, மெதுவாகத்தான் வர முடியும். போன வருடம் சீசனில் மாங்காய்ப் பெட்டிக்கு இடம் வேண்டும் என்று இறக்கையைக் கழற்றி உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். இந்த வருடம் கொட்டகையை ஒட்டித் தகரம் போட்டு விமானத்தை இறக்கையோடு முழுசாகப் பூட்டி நிறுத்தியிருக்கிறேன்.

முந்தின நாளே வந்து தங்கச் சொல்கிறாள் கருப்பாத்தாள். "சோறு திங்காம ஊட்ட உட்டு அனுப்ப மாட்டேனுங்க, எழுதுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

செங்கோட்டையன்

பார்த்தது: நேற்று தேஜஸ் போர்விமானம், சத்தத்தில் இரண்டு. சத்தம் வந்து நான் நிமிர்வதற்குள் ஒன்று போய்விட்டது. நோட்டில் ஒன்று என்றே எழுதியிருக்கிறேன்.


முதலமடை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள சங்கரி,

கருப்பாத்தாள் என்னோடு பேசுவதில்லை. நீ சாப்பிடாமல் போனதற்கு நான்தான் காரணம் என்கிறாள். உண்மைதான்.

நீ உள்ளே இருந்த நாலு மணி நேரமும் நான் தோப்பின் கடைசி வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மாங்காய் பறிக்கிற ஆட்கள், "என்னுங்க மொதலாளி, பிரசவ வார்டுக்கு வெளிய நிக்கற மாதிரி நிக்கறீங்க" என்று கேலி செய்தார்கள். என் சட்டைப் பையில் ஒரு ஸ்பிளிட் பின் இருந்தது. இடது எய்லரான் போல்ட்டிலிருந்து அன்று விடிகாலையில் நான் கழற்றியது. நட்டு கழன்று வராமல் பிடித்துக்கொள்ளும் சின்னக் கம்பி. அது இல்லாததை நீ கண்டால், நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். காணாவிட்டால் விமானத்தைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். உன்னைச் சோதிக்க எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றவில்லை. உன் மேல் சந்தேகப்பட்டதுகூட இல்லை அம்மிணி, என் மேல்தான். மறுபடி உடையாத பொட்டு எதையாவது பார்த்து மயங்கிவிடுவேனோ என்று.

நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்தப் பின்னைக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு. கப்பி ஊசி எங்க?" என்றாய்.

எனக்குப் புரியவே இல்லை. நீதான் என்னைக் கூட்டிப்போய், சீட்டுக்குப் பின்னால் மேலே, வலது பக்கக் கப்பியில் டார்ச் அடித்துக் காட்டினாய். கேபிள் கப்பியை விட்டு நழுவாமல் குறுக்கே நிற்கும் ஊசி, அது இல்லை. அதை நான் எடுக்கவில்லை சங்கரி. சத்தியமாக எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ என் நோட்டில் இரண்டையும் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாய். லாரி பிடித்துப் பொள்ளாச்சிக்குப் போனாய் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஊசி நேற்றுக் கிடைத்தது. மாங்காய்ப் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் டப்பாவுக்குள். போன வருடம் இறக்கையைக் கழற்றியபோது கேபிளை உருவ அதை எடுத்திருக்கிறேன். டப்பாவில் போட்டிருக்கிறேன். மறந்திருக்கிறேன். மாட்டியதாக என் நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

கேபிள் நழுவினால் என்ன ஆகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். மூன்று நாளாக வேறு நினைப்பே இல்லை. ஒருத்தி வந்து பார்க்கிறாளா என்று பரீட்சை வைத்தவன், தான் வைக்காத பிழையோடு அதைப் பறக்க அனுப்ப இருந்தான்.

இரண்டையும் மாட்டிவிட்டேன். மறுபடி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்.

செங்கோட்டையன்

பார்த்தது: ஒன்றுமில்லை. தலை குனிந்தே இருக்கிறேன்.


மாட்டுப்பட்டி
19 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்தப் பின்னுக்காக உங்கள் மேல் எனக்கு ஒரு வாரம் கோபம். மலைரோட்டில் பஸ் ஏறும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அன்னமேரி டீச்சர், "யாரோட மோளே சண்டை?" என்று கேட்டார். அண்ணனிடம் என்றேன். அப்படியானால் சரியாகிவிடும் என்றார்.

நடந்ததை நடந்தபடி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பின் இல்லாததை நான் முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டேன். போல்ட் ஓட்டையின் ஓரத்தில் பெயிண்ட் புதிதாகக் கீறியிருந்தது. காலையில்தான் யாரோ உருவியிருக்கிறார்கள். நீங்கள் வைத்த பரீட்சை என்று உடனே புரிந்தது. புரிந்ததும் மனது என்ன சொன்னது தெரியுமா? அண்ணன் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்தாயிற்று, மிச்சமெல்லாம் அவர் சரியாகத்தான் செய்திருப்பார், டார்ச்சை அணை என்றது. நான் டார்ச்சை அணைத்தேன். எழுந்தும் விட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. இதே குரலைத்தான் 2013-லும் கேட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நோட்டில் புதுப்பக்கம் திருப்பி, முதல் நட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். உங்களை எனக்குத் தெரியாது, முன்னேபின்னே பார்த்ததில்லை, கெட்ட வேலைக்காரர் என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். மூன்று மணி நேரம் கழித்து அந்தக் கப்பி.

சாப்பிடாமல் போனது கோபத்தில் இல்லை. அந்தக் கப்பியைப் பார்த்த பிறகு சோற்றில் கை வைக்க மனம் வரவில்லை. மதினியிடம் சொல்லுங்கள்.

இரண்டையும் மாட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை. மே 11 ஞாயிற்றுக்கிழமை வருவேன், முந்தின நாளே வந்து மதினி கையால் சாப்பிடுவேன். காலையில் நீங்கள் தோப்புக்குப் போங்கள். முதல் நட்டிலிருந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் ஜூனிலும் வருவேன். டின்சியும் வருகிறாள். ஏறி உட்கார அவளுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும், உயரம் அரை அடி. அவள் இடது பக்கம் கொடுப்பாள், கழுத்தைத் திருப்பி இறக்கையைப் பார்ப்பாள். வலது பக்கம் கொடுப்பாள், பார்ப்பாள். அதன் பிறகு டிரஸ்ட்காரர்களுக்கு எழுதுங்கள்.

உங்களை இனி ஒருநாளும் நம்ப மாட்டேன் அண்ணா. நீங்களும் என்னை நம்பாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
சிவசங்கரி

பார்த்தது: 18 ஏப்ரல், காலை 8.10, மாட்டுப்பட்டி. மேகத்துக்கு மேலே ஒற்றை எஞ்சின் சத்தம் கேட்டது, பழைய எஞ்சின், புஷ்பக் மாதிரியே. மேட்டில் ஏறிக் கால்மணி நேரம் நின்றேன். கண்ணால் காணவில்லை. நோட்டில் எழுதவில்லை.